பத்து மில்லி ஹினோக்கி பிள்ளைக்கு வேண்டாம்

டேபிள் டென்னிஸில் பேனா பிடிப்பதுபோல மட்டையைப் பிடித்து ஆடும் பிள்ளைக்கு ஜப்பானிய பென்ஹோல்டு மட்டை வாங்கலாம் என்று பேச்செடுத்தால், கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் வரை எந்த மன்றத்திலும் ஒரே பதில்தான் வருகிறது. “வாங்குறதே வாங்குறீங்க, ஒரேயடியா நல்லதா வாங்கிடுங்க சார். ஹினோக்கி, ஒத்தப் பலகை, பத்து மில்லி. புள்ள எப்படியும் வளரப் போறான். இன்னொரு தடவ செலவு வேணாம்.”

சொல்பவர்கள் இந்த ஆட்டத்தை நேசிப்பவர்கள். அதைக் கேட்டு ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து மட்டை வாங்கித் தரும் பெற்றோர் பிள்ளையை நேசிப்பவர்கள். யார் மனதிலும் கெடுதல் இல்லை. ஆனாலும் இந்த யோசனை தவறு. பழகிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரருக்கு 10 மி.மீ. ஒற்றைப் பலகை ஹினோக்கி ஏற்ற மட்டையல்ல. விலை அதிகம் என்பது அதற்கான காரணங்களில் ஒன்றுதான். இலவசமாகக் கிடைத்தாலும் அதைப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது என்பதே என் வாதம்.

முதலில் அந்த மட்டைக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். ஹினோக்கி என்பது ஜப்பானிய சைப்ரஸ் மரம். கிசோ மலைக்காடுகளில் மெதுவாக வளர்வதால் அதன் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எழுப்பப்படும் ஈசே கோயிலுக்குப் போகிற மரம் அது. அதை ஒரே துண்டாக அறுத்து, செவ்வகத் தலை வைத்து, சுட்டுவிரல் வளைந்து பற்றுவதற்குக் கார்க் வைத்துச் செய்வதுதான் ஜப்பானிய பென்ஹோல்டு மட்டை. ஒரு பக்கம் மட்டும் ரப்பர். பின்பக்கத்தில் மற்ற மூன்று விரல்களும் பலகையைத் தாங்கும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் யூ நாம் கியூவும், 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் கிம் டேக் சூவும், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ரியூ சியுங் மின்னும் என மூன்று தென் கொரிய வீரர்கள் தனிநபர் தங்கம் வென்றது இந்தப் பாணியில்தான். ரியூ இறுதியாட்டத்தில் சீனாவின் வாங் ஹாவோவை 4–2 என்று வீழ்த்தியதைப் பார்த்தவர்கள், ஒரு கை இப்படியும் அடிக்குமா என்று இன்றும் பேசுகிறார்கள்.

ஜப்பான் பொருள் என்றால் நம் பகுதியில் தனி மதிப்பும் உண்டு. 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார் உருவானது திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில். சிப்காட் தொழிற்பேட்டையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்ப்பவர், மிட்டுடோயோ வெர்னியர் காட்டும் அளவைச் சந்தேகிக்க மாட்டார். அந்த நம்பிக்கை நியாயமானது. ஆனால் அதே மனிதர் தன் வேலையிடத்தில் ஒரு கருவியை எடுப்பதற்கு முன் எந்த வேலைக்கு, எந்த அளவுக்கு என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். பிள்ளையின் மட்டை விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வியை ஏன் கேட்காமல் விடுகிறோம்?

ஹினோக்கிக்காகப் பேசுபவர்கள் முதலில் எடுத்து வைப்பது அதன் மென்மையை. “மெத்துன்னு இருக்கும், பந்தப் பிடிச்சு விடும், அந்த ஃபீல் வேற மரத்துல வராது” என்பார்கள். மெதுவாகத் தொடும்போது உண்மைதான். அதே பலகையில் ஓங்கி அடித்தால் பந்து பாய்ந்து போகும். சிறு விசைக்கு மென்மை, பெரு விசைக்கு வேகம் என்ற இந்த இரட்டைக் குணம்தான் கொரிய வீரர்களின் பலம். குட்டைப் பந்தை வலையோரம் செத்தாற்போல வைத்துவிட்டு, அடுத்த பந்தை மூலையிலிருந்து இழுத்து அடித்து ஆட்டத்தை முடிப்பார்கள். எந்தப் பந்துக்கு எத்தனை விசை என்று அவர்கள் கைக்குத் தெரியும்.

பழகும் பிள்ளைக்குத் தெரியாதது சரியாக அதுதான். பத்து டிரைவ் அடித்தால் பத்தும் பத்து விசையில் போகும். விசைக்கு ஏற்றபடி சீராகப் பதில் தரும் பலகை என்றால், அந்த ஏற்றத்தாழ்வு சிறு பிசகாகத் தெரியும். பந்து நான்கு விரற்கடை முன்னே பின்னே விழும், பிள்ளை தானாகவே திருத்திக்கொள்ளும். விசை கூடும்போது தன் குணத்தையே மாற்றிக்கொள்ளும் பலகையில் ஒரு பந்து வலையில் மாட்டும், அடுத்தது மேசையைத் தாண்டும். எதைத் திருத்துவது என்று பிள்ளைக்குப் புரியாது. அது கற்றுக்கொள்வதெல்லாம் பயம். கை சுருங்கும், வீச்சு பாதியில் நிற்கும். முழு வீச்சோடு அடிப்பதற்கென்றே செய்த மட்டையைப் பிடித்துக்கொண்டு அரை வீச்சில் ஆடும் பிள்ளைகளை நம் மன்றங்களில் நிறையவே பார்க்கலாம்.

தடிமன் பற்றிய பேச்சிலும் ஒரு பெரிய தவறு இருக்கிறது. “எட்டுக்கும் பத்துக்கும் ரெண்டு மில்லிதான வித்தியாசம்” என்கிறார்கள். ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனோடு நேர்க்கணக்கில் கூடுவதில்லை. மும்மடிக் கணக்கில் கூடுகிறது. ஒரே மரம், ஒரே அகலம் என்று வைத்துக்கொண்டால் 8 மி.மீ. பலகையின் விறைப்பு 512 பங்கு, 10 மி.மீ. பலகையின் விறைப்பு 1,000 பங்கு. அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 9 மி.மீ.க்கும் 10 மி.மீ.க்கும் நடுவிலேயே 37 சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது. தகடு வளைக்கும் வேலையில் இருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல.

இந்த விறைப்பு பிள்ளையின் ஆட்டத்தில் எங்கே தெரிகிறது? பந்தின் எடை 2.7 கிராம். அது மட்டையில் தங்குவது ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் ரப்பர் பந்தைப் பற்றிச் சுழற்றிவிட வேண்டும். டாப்ஸ்பின் என்பது பந்தை மோதுவதைவிட உரசுவதில் இருக்கிறது. பந்தின் மேற்புறத்தை உரசி மேலே எடுக்கப் பிள்ளைக்குப் பல மாதங்கள் ஆகும். விறைத்த பலகையில் உரசக் கற்பது கடினம், தட்டையாக மோதுவது சுலபம். மோதினால் பந்து வேகமாகவும் போகிறது. சக வயதுப் பிள்ளைகளிடம் அந்த வேகத்துக்குப் புள்ளியும் கிடைக்கிறது. எனவே பிள்ளை மோதவே பழகுகிறது, பார்க்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். பிறகு கீழ்ச்சுழற்சியோடு பந்தை வெட்டி அனுப்பத் தெரிந்த ஒருவர் எதிரே வரும்போது, மோதிய பந்தெல்லாம் வலையில் விழுகிறது. அதற்குள் கை அந்தப் பழக்கத்தில் ஊறிப்போயிருக்கும். அதைக் கழற்றி மறுபடி பழக்க, புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கூடுதல் காலம் ஆகும்.

கைகுலுக்குவதுபோலப் பிடிக்கும் ஷேக்ஹேண்டு மட்டையோடு ஒப்பிட்டு, எடையைப் பற்றியும் ஒரு சமாதானம் சொல்வார்கள்: “ஷேக்ஹேண்டு மட்டையில ரெண்டு ரப்பர், இதுல ஒண்ணுதான், அதனால இதுதான் லேசு.” தராசில் பார்த்தால் சரிதான். ஆனால் எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். செவ்வகத் தலையில் மரமும் ரப்பரும் நுனிப்பக்கம் அதிகம். அந்த மொத்தத்தையும் சுட்டுவிரலும் கட்டைவிரலும் சேர்ந்த ஒரு பிடி தாங்குகிறது. வளர்ந்தவரின் தோளிலிருந்து வரும் வீச்சுக்கு அந்த நுனிப்பாரம் கூடுதல் பலம். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ அதே பாரம் அடித்த மட்டையை அடுத்த பந்துக்குத் திருப்பிக் கொண்டுவர விடாது. பேக்ஹேண்டு பக்கம் வரும் வேகப் பந்தை பிளாக் செய்ய மணிக்கட்டு சட்டென்று திரும்ப வேண்டும், அங்கேதான் தாமதமாகும். தாமதத்தை ஈடுகட்டக் கட்டைவிரலை அழுத்துவார்கள். நாளடைவில் பிடியே இறுகி, ஆட்டம் முழுவதும் விறைத்த கையோடு ஆடுவது வழக்கமாகிவிடும்.

பிடியோடு தொடர்புடைய இன்னொரு விஷயத்தை யாருமே பேசுவதில்லை. ஜப்பானிய பென்ஹோல்டு மட்டை கடையிலிருந்து வரும்போது முழுமையான பொருளாக வருவதில்லை. சுட்டுவிரலும் கட்டைவிரலும் படும் இடங்களில் மரத்தின் ஓரத்தையும் கார்க்கையும் ஆடுபவர் தன் கைக்கு ஏற்ப உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ள வேண்டும். தேய்க்காத 10 மி.மீ. ஓரம் சின்னக் கையின் விரலிடுக்கை அறுக்கும். இரண்டு மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்கிய ஹினோக்கியின் மேல் உப்புத்தாளை வைக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? தேய்த்துவிட்டால் மறுபடி விற்கவும் முடியாது. அதனால் மட்டை அப்படியே இருக்கும். பிள்ளையின் விரல்கள் வளைந்துகொடுத்து அதற்கேற்பப் பழகும். விலை அதிகமான மட்டை இப்படித்தான் தவறான பிடியை உண்டாக்குகிறது. 

“ஒருமுறைச் செலவு” என்பதுதான் பெற்றோரிடம் அதிகம் எடுபடும் வாதம். பள்ளிச் சீருடை தைக்கும்போது பிள்ளை வளரும் என்று இரண்டு அளவு பெரிதாகத் தைப்பது நம் வழக்கம். அதே கணக்கை மட்டைக்கும் போடுகிறோம். தொளதொளவென்ற சட்டை பிள்ளையின் உடம்பை மாற்றாது. காலம் வந்ததும் சரியாகிவிடும். மட்டை அப்படியல்ல. தினமும் ஒரு மணி நேரம் பிடித்து ஆடும் பொருள் கையைத் தன் போக்குக்கு மாற்றிவிடும். கை மட்டைக்கு ஏற்ற அளவு வளர்ந்து வரும் நாளில் அந்தக் கையில் தவறான ஆட்டமும் வளர்ந்திருக்கும்.

செலவுக் கணக்காகப் பார்த்தாலும் அது ஒருமுறையோடு நிற்பதில்லை. ஒற்றைப் பலகையில் மரநார் முழுவதும் ஒரே திசையில், கைப்பிடியிலிருந்து நுனிக்கு ஓடுகிறது. மேசை விளிம்பில் ஓங்கி இடித்தால் அந்த நார் வழியே பிளக்கும். பழகும் பிள்ளைகள் மேசையில் இடிக்காமல் ஆடுவதில்லை. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையும், அதன்பின் வரும் வெயிலும் தனிப்பலகையை அகலவாக்கில் உப்பவும் சுருங்கவும் வைக்கும். வண்டிப் பெட்டிக்குள் மட்டையை வைத்துப் பூட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போகும் ஊர் நம்முடையது. தேய்ந்த ரப்பரை உரிக்கும்போதும் ஆபத்து உண்டு. கரைப்பான் கலந்த பசைகள் 2008இல் தடைசெய்யப்பட்ட பிறகு நீர்ப்பசைதான் வழக்கம். மேற்பூச்சு இல்லாத ஹினோக்கியிலிருந்து ரப்பரை உரித்தால் நீர்ப்பசையோடு மரச்செதிலும் பெயர்ந்து வரும். பல அடுக்குப் பலகையில் ஒரு அடுக்கின் நார் அடுத்த அடுக்கைக் குறுக்கே கட்டிப் பிடிப்பதால் பிளவும் வளைவும் மிகக் குறைவு. நம் வானிலைக்கும் பிள்ளைகளின் கைக்கும் உழைக்கும் பலகை அதுதான்.

இனி சாம்பியன்களைக் காட்டும் வாதம். “ரியூ இதாலதான ஜெயிச்சார்?” ஆம். ஆனால் அவர் இதனால் மட்டும் ஜெயிக்கவில்லை. பின்பக்கம் ரப்பர் இல்லாத மட்டையில் பேக்ஹேண்டு மூலையைக் காப்பாற்ற முக்கிய வழி, அங்கே ஓடிப் போய் ஃபோர்ஹேண்டால் அடித்துவிட்டு அடுத்த பந்துக்கு மறு மூலைக்கு வந்து சேர்வது. மேசையின் அகலம் 1.525 மீட்டர், அதை இரண்டு கால்களால் மூடுகிற ஆட்டம் அது. கொரியப் பாணியின் உயிர் கால்களில் இருக்கிறது. பலகை அதன்பின் வருகிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கிலேயே களமிறங்கிய ரியூவுக்கு ஏதென்ஸில் ஆடும்போது வயது 22. அவருடைய கால்களுக்குப் பின்னால் இருந்த பயிற்சியை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் இறக்குமதி செய்து என்ன பயன்?

அவர் ஜெயித்தபோது இருந்த சூழலும் இன்று இல்லை. அவர் காலத்தில் ஸ்பாஞ்சை உப்ப வைத்து வேகம் கூட்டும் பசை அனுமதிக்கப்பட்டிருந்தது. பந்து செல்லுலாய்டில் செய்யப்பட்டது. 2008இல் அந்தப் பசை போனது. 2014இல் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி குறைந்தது. ரியூவின் பலகையை வாங்கலாம், அந்தப் பலகை எந்தப் பந்துக்கும் எந்தப் பசைக்கும் பொருந்தியதோ அவற்றை வாங்க முடியாது. “பந்து மெதுவாகிவிட்டதால்தான் வேகமான பலகை வேண்டும்” என்று இதைத் திருப்பிப் போடுவார்கள். அந்தக் கணக்கு வீச்சு முழுமையடைந்த வீரருக்குப் பொருந்தும். பழகுபவரின் பந்து மெதுவாகப் போவதற்குக் காரணம் பலகையல்ல. இடுப்பும் காலும் இன்னும் வீச்சோடு சேரவில்லை என்பதுதான்.

மட்டை வென்று தரும் என்ற நம்பிக்கைக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1952 உலக சாம்பியன்ஷிப் பம்பாயில் நடந்தது. ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ பென்ஹோல்டு பிடியில், தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்து ஆண்கள் தனிநபர் பட்டத்தை வென்றார். எதிரிகளுக்கு அந்த மட்டையிலிருந்து வரும் பந்தின் சத்தமே கேட்கவில்லை, வேகமும் பிடிபடவில்லை. அந்தப் பட்டத்தை அவர் மறுபடி வெல்லவில்லை. 1959இல் சர்வதேசக் கூட்டமைப்பு மட்டைக்கு வரையறை வகுத்து வெறும் ஸ்பாஞ்சையே ஒதுக்கியது. சாட்டோவுக்குப் பின் வந்த இச்சிரோ ஓகிமுரா 1954, 1956 என்று இருமுறை உலகப் பட்டம் வென்றார். கடுமையான உடற்பயிற்சியையும் கால்வேலையையும் தன் ஆட்டத்தின் அடித்தளமாக வைத்தவர் அவர். புதிய மட்டை தந்த அனுகூலம் எதிரிகள் அதைப் புரிந்துகொள்ளும்வரைதான். உழைத்துச் சேர்த்த ஆட்டம் அதற்குப் பிறகும் நின்றது.

என் கோபம் இந்த இடத்தில்தான் அதிகம். ஷேக்ஹேண்டு பழகும் பிள்ளைக்கு நாம் ஒரு படி வைத்திருக்கிறோம். முதலில் ஐந்தடுக்கு ஆல்ரவுண்டு பலகை, மெல்லிய ஸ்பாஞ்ச். ஆட்டம் படிந்த பிறகு வேகமான பலகை. அதற்கும் பிறகு கார்பன். ஷேக்ஹேண்டு வீரரான நம் சரத் கமலும் ரியூவும் ஒரே ஆண்டில், 1982இல் பிறந்தவர்கள்; இருவரும் 2004 ஏதென்ஸில் ஆடியவர்கள். 2025 மார்ச்சில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் சரத் கமல் விடைபெற்றபோது நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அவர்தான் கண்முன் நின்ற முன்மாதிரி. இருந்தும் எந்தப் பொறுப்பான பயிற்சியாளரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரத் கமலின் மட்டையை வாங்கித் தரச் சொல்வதில்லை. பென்ஹோல்டு பிள்ளைக்கு மட்டும் முதல் படியிலேயே ரியூவின் மட்டையை நீட்டுகிறோம். அந்தப் பிள்ளைக்கு ஏன் படியே இல்லை?

காரணம் எனக்குத் தெரிந்தவரை இது. பென்ஹோல்டு நம் ஊரில் அகாடமி சொல்லிக்கொடுத்த பாணி அல்ல. ஆலைகளின் மனமகிழ் மன்றங்களில், ஷிஃப்டு முடிந்து ஆடிய மூத்தவர்கள் தாங்களாகவே பிடித்த பிடி. அவர்களைப் பார்த்து அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பிடித்தார்கள். முறையாகச் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் சாம்பியனின் பெயரும் மட்டையின் விலையும் ஆசிரியர் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மறுபக்கம், பெரிய பயிற்சிக்கூடங்களுக்குப் போனால் “பென்ஹோல்டு காலம் முடிஞ்சுது, ஷேக்ஹேண்டுக்கு மாத்து” என்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான யோசனைகள் என்று தோன்றும். இரண்டுமே உலக இறுதியாட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் கைக்குத் தீர்ப்பு எழுதுகின்றன.

ஒற்றைப்பக்க ஜப்பானிய பாணி இன்று உலகின் முன்வரிசையில் இல்லை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பிடி அழியவில்லை. 2022இல் ஐரோப்பிய சாம்பியனான ஜெர்மனியின் டாங் சியூ பென்ஹோல்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் தனிநபர் வெண்கலம் வென்ற பிரான்சின் ஃபெலிக்ஸ் லெப்ரன் பென்ஹோல்டு. இருவரும் மட்டையின் இரு பக்கமும் ரப்பர் ஒட்டி, பின்பக்கத்தாலும் அடிக்கும் சீன முறையில் ஆடுகிறார்கள். பழகும் பிள்ளைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், பின்னாளில் பின்பக்கத்தையும் பயன்படுத்தும் வழியை இன்றே அடைத்துவிடக் கூடாது என்பது. 10 மி.மீ. செவ்வக ஹினோக்கி அந்த வழியை அடைக்கிறது. அதன் பின்பக்கத்தில் இன்னொரு ரப்பரை ஒட்டினால் சின்னக் கை அந்தப் பாரத்தைத் தாங்காது.

அப்படியானால் எதை வாங்குவது? கடைக்குப் போகும்போது ஒரு சின்ன மின்தராசும் வெர்னியரும் கொண்டுபோங்கள். இணையத்தில் வாங்கினால் விற்பவரிடம் எடையையும் தடிமனையும் கேட்டு வாங்குங்கள். சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள். கார்பன் இல்லாத, ஐந்தடுக்கு மரப்பலகையாக இருக்கட்டும். பலகை மட்டும் 90 கிராமைத் தாண்ட வேண்டாம். ரப்பரோடு சேர்த்து 140 கிராமுக்குள் நிற்கட்டும். தலை வட்டமாகவோ முனை மழுங்கிய செவ்வகமாகவோ இருந்தால் பாரம் கைக்கு அருகில் நிற்கும். ஒற்றைப் பலகைதான் வேண்டும் என்று மனம் கேட்டால் 8 மி.மீ., மிஞ்சினால் 9 மி.மீ. ஜப்பானிய வடிவத்தில் அடுக்குப்பலகை கிடைக்காவிட்டால் சீன பென்ஹோல்டு ஐந்தடுக்குப் பலகையைத் தயங்காமல் வாங்கலாம். கார்க் இருக்காது, பிடி கொஞ்சம் மாறும்; ஆனால் பின்பக்கத்துக்கு நாளைக்கு ஒரு ரப்பர் ஒட்ட இடம் இருக்கும்.

ரப்பரின் ஸ்பாஞ்ச் 1.5 மி.மீ.யிலிருந்து 1.8 மி.மீ. வரை போதும். மிச்சப்பட்ட பணத்தை ரப்பர் மாற்றவும் பந்து வாங்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வழுவழுத்துப்போன ரப்பரோடு இருக்கும் விலையுயர்ந்த பலகையைவிட, புது ரப்பர் ஒட்டிய சாதாரணப் பலகை பிள்ளைக்கு ஆயிரம் மடங்கு நல்லது. வாங்கிய அன்றே உப்புத்தாளை எடுங்கள். பிள்ளையைப் பிடிக்கச் சொல்லி, விரல் எங்கே அழுந்துகிறது என்று பென்சிலால் குறித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் பின்பக்கத்தை வெறும் மரமாக விடாதீர்கள். ரப்பர் இல்லாத பக்கமும் பளபளப்பில்லாத வண்ணத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் அதிலிருந்து தெளிவாக வேறுபடும் பளிச்சென்ற நிறம் என்பது விதி. ரப்பர் இல்லாத அந்தப் பக்கத்தால் பந்தை அடித்தால் புள்ளி எதிராளிக்கு என்பதையும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

“மெதுவான மட்டையில பழகினா மெதுவான ஆட்டக்காரனாத்தான் வருவான்” என்பது கடைசியாக எஞ்சும் பயம். மெதுவான பலகையில் வேகம் வேண்டுமென்றால் பிள்ளை காலை நகர்த்தி, இடுப்பைத் திருப்பி, வீச்சை முழுமையாக்கியே தீர வேண்டும், வேறு வழியில்லை. வேகம் என்பது உடம்பிலிருந்து வர வேண்டும் என்று அந்தப் பலகை தினமும் சொல்லிக்கொடுக்கிறது. வேகமான பலகை அந்த உழைப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறது. உழைத்துப் பழகிய உடம்பு பின்னாளில் வேகமான பலகையைச் சில வாரங்களில் வசப்படுத்திவிடும். உழைக்காமல் பழகிய உடம்புக்கு எந்தப் பலகையும் உதவாது.

ஹினோக்கிக்கு மாறும் நாளும் வரும். வயதை வைத்தோ வகுப்பை வைத்தோ அதை முடிவுசெய்ய முடியாது, மேசையில்தான் தெரியும். வெட்டி வந்த பந்தை மோதாமல் உரசித் தொடர்ந்து எடுக்கிறதா? பேக்ஹேண்டு மூலைக்கு ஓடிப் போய் ஃபோர்ஹேண்டால் அடித்துவிட்டு மறு மூலைக்கு நேரத்துக்குத் திரும்புகிறதா? குட்டை சர்வீஸை உயரவிடாமல் திருப்பி வைக்கிறதா? இந்த மூன்றும் நிலைத்த பிறகு 9 மி.மீ. ஒற்றைப் பலகையைக் கொடுங்கள். அதிலும் ஆட்டம் படிந்தால் செவ்வகமும் 10 மி.மீ.யும் தாராளமாக வரட்டும். அன்றைக்கு அந்த மரத்தின் இரட்டைக் குணத்தைப் பிள்ளை ரசிக்கும், பயன்படுத்தும்.

இதைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. சிப்காட்டிலும் திருவள்ளூர்ப் பக்கத்து ஆலைகளிலும் மனமகிழ் மன்றம் நடத்தும் செயலாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டு விழாவில் கோப்பைகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, உங்கள் அலமாரியில் மூன்று பென்ஹோல்டு மட்டைகளை வைத்துவிடுங்கள்: ஒரு ஐந்தடுக்கு வட்டத்தலை, ஒரு 8 அல்லது 9 மி.மீ. ஒற்றைப் பலகை, ஒரு 10 மி.மீ. செவ்வகம். பிள்ளைகள் மூன்றையும் மாறி மாறி ஆடிப் பார்க்கட்டும். எந்த மட்டையில் எத்தனை பந்து தொடர்ந்து மேசையில் விழுகிறது என்று பெற்றோர் பக்கத்தில் நின்று எண்ணட்டும். அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு எந்தத் தகப்பனும் தாயும் ஓவர்டைம் பணத்தை ஒரு சாம்பியனின் பெயருக்காகச் செலவிட மாட்டார்கள். தங்கள் பிள்ளையின் கைக்குப் பொருந்தும் மட்டையைத்தான் வாங்குவார்கள்.